கிரிப்பில் பேர் கிடக்கிறதா? காசு கொடுத்துக் 'கிளியர்' பண்ண முதல்

வங்கியின் கடன் மேசைக்கு முன்னால் இருந்து "உங்கட பேர் கிரிப்பில கிடக்கு" என்ற வசனத்தைக் கேட்டவர்கள் யாழ்ப்பாணத்தில் ஒழுங்கைக்கு ஒருவராவது இருப்பார்கள். கிரிப் என்பது கடன் எடுத்தவர்களின் விவரத்தைச் சேர்த்து வைக்கும் பணியகம். சொல்லும் உத்தியோகத்தர் குரலைத் தாழ்த்துவார். பக்கத்துக் கதிரைக்காரர் வேறெங்கோ பார்ப்பதுபோல இருந்துகொண்டு காதை மட்டும் இந்தப் பக்கம் வைத்திருப்பார். பொலிஸ் வழக்கில் பேர் அடிபட்டதுபோல ஒரு கூச்சத்தோடு வெளியே வருவோம். அந்தக் கூச்சம் ஆறும் முன்னரே "கிரிப் கிளியர் பண்ணித் தரலாம்" என்று யாராவது எதிர்ப்படுவார்கள்.

எனக்கு அந்த ஆள் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தேநீர்க் கடையில் வாய்த்தார். நல்ல மனிதர்போலத்தான் இருந்தார். பிளேன்ரீக்கு அவரே காசு கொடுத்தார். "அண்ணை, கொழும்பில எங்கட ஆள் உள்ளுக்க இருக்கு. முப்பத்தையாயிரம். பாதியை இப்ப தாங்கோ, மிச்சம் பேர் எடுபட்ட பிறகு. அஞ்சே நாள்." அடையாள அட்டையின் இரண்டு பக்கமும் போட்டோக் கொப்பி வேண்டும் என்றார். ஒரு வெள்ளைத் தாளில் அடியில் மட்டும் கையெழுத்து வேண்டும் என்றார். நான் கொடுக்கவில்லை. புத்திசாலித்தனத்தால் என்று சொன்னால் பொய். அன்று பையில் இருந்தது நெல்லியடிக்குப் போகிற பஸ் காசு மட்டும்தான்.

நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்த அந்த இரவில்தான் விசாரிக்கத் தொடங்கினேன். அதற்குப் பிறகு உறவுக்காரர், பக்கத்து வீட்டார் என்று பலருக்கு இந்த அலுவலில் கூடப்போயிருக்கிறேன். முதன்முறையாக இதில் மாட்டியவர்கள் என்ன ஒழுங்கில் போகவேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

கிரிப் என்றால் என்ன

இலங்கைக் கடன் தகவல் பணியகம், ஆங்கிலச் சுருக்கத்தில் CRIB. 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. வங்கிகள், நிதிக் கம்பனிகள், லீசிங் கம்பனிகள் எல்லாம் தங்களிடம் கடன் எடுத்தவர்களின் விவரத்தை மாதா மாதம் அதற்கு அனுப்புகின்றன. நீங்கள் இன்னோர் இடத்தில் கடன் கேட்கும்போது அந்த நிறுவனம் உங்கள் அறிக்கையை எடுத்துப் பார்க்கிறது. அவ்வளவுதான் அதன் வேலை.

'பேர் கிரிப்பில் விழுந்துவிட்டது' என்று நாங்கள் பேசுவதே பிழையான பேச்சு. ஒழுங்காகக் கட்டுகிறவரின் பேரும் அங்கேதான் இருக்கிறது. வாழ்க்கையில் ஒரு லோன் எடுத்து ஒரு தவணையும் தவறாமல் கட்டியவருக்கும் அறிக்கை உண்டு; அது அவருக்கு நற்சான்றிதழ். கறுப்புப் பட்டியல் என்று ஒன்று அங்கே இல்லை. கடன் கொடு, கொடுக்காதே என்று கிரிப் யாருக்கும் கட்டளை இடுவதுமில்லை. முடிவு எடுப்பது வங்கி.

இதை விளங்கிக்கொண்டால் தேநீர்க் கடைக்காரர் எதை விற்கிறார் என்பதும் விளங்கும். உங்கள் அறிக்கையில் இருப்பது ஒன்றில் பிழையான தகவல், அல்லது சரியான தகவல். பிழை என்றால் அதைத் திருத்த வேண்டியது தகவல் கொடுத்த நிறுவனம்; நீங்களே கேட்டுத் திருத்துவிக்கலாம், இடையில் ஆள் தேவையில்லை. சரியான தகவல் என்றால், காசு வாங்கிக்கொண்டு அதை அழித்துவிட அந்த ஆளால் முடியாது. அந்த வரியை எழுதியது கடன் கொடுத்த நிறுவனம். கிரிப் தானாக எதையும் எழுதுவதுமில்லை, காசுக்கு அழிப்பதுமில்லை. முப்பத்தையாயிரத்துக்கு வாங்குவதற்கு இதில் மூன்றாவதாக ஒரு சாமான் இல்லை.

முதல் வேலை: அறிக்கையை உங்கள் கையில் எடுங்கள்

வாய்ப்பேச்சில் நம்பாதீர்கள். வங்கி உத்தியோகத்தர் "ஏதோ ஒரு லீசிங்கில நிலுவை காட்டுது" என்று சொல்வார். எந்த லீசிங், எவ்வளவு, கடன்காரராகவா பிணையாகவா என்று சொல்லமாட்டார். உங்கள் சொந்த அறிக்கையைப் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு. கிரிப்பின் இணையத்தளத்தில் பதிவுசெய்து எடுக்கலாம். இணையம் தோதில்லை என்றால் நீங்கள் கணக்கு வைத்திருக்கும் வங்கிக் கிளையில் அடையாள அட்டையோடு போய், 'என்னுடைய கிரிப் ரிப்போட்டை நானே எடுக்கவேண்டும்' என்று கேளுங்கள். கொழும்பு கோட்டையில் உள்ள அவர்களின் அலுவலகத்தில் நேரிலும் எடுக்கலாம், ஆனால் இதற்காக இரவு பஸ் ஏறவேண்டிய அவசியம் இல்லை. கட்டணம் சிறியதுதான். ஆயிரக்கணக்கில் யாராவது கேட்டால் அது அறிக்கைக்கான கட்டணம் இல்லை.

இணையத்தில் எடுக்கும்போது உங்கள் தொலைபேசிக்கு வரும் இரகசிய இலக்கத்தைப் பக்கத்தில் நின்று உதவி செய்கிற பெடியனுக்கும் சொல்லாதீர்கள். கொமினிக்கேசன் கடையில் எடுத்தால் பிரதியை அச்சடித்துக்கொண்டு, கடைக் கொம்பியூட்டரில் இருந்து கோப்பை அழித்துவிட்டு வாருங்கள்.

இரண்டாவது: ஒவ்வொரு வரியாக வாசியுங்கள்

அறிக்கை கைக்கு வந்ததும் எல்லோரும் நிலுவை எவ்வளவு என்ற தொகையைத்தான் தேடுவார்கள். நீங்கள் முதலில் அடையாள அட்டை இலக்கத்தைப் பாருங்கள். பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும். 2016இல் இருந்து வருகிற புதிய அட்டையில் 12 இலக்கம். பழையதைப் புதியதாக மாற்றுவது எளிது: முன்னுக்கு 19 வரும், கடைசி நான்கு இலக்கத்துக்கு முன்னால் ஒரு பூச்சியம் வரும், எழுத்து போய்விடும். 851234567வி என்பது 198512304567 ஆகும். பிறந்த வருடத்துக்குப் பிறகு வரும் மூன்று இலக்கமும் வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது; பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். ஆகவே ஒரு பெண்ணின் அறிக்கையில் வந்திருக்கும் கடனின் பத்திரத்தில் அந்த இடத்தில் 366க்குக் குறைந்த எண் இருந்தால், அங்கே ஆரோ ஓர் ஆம்பிளையின் இலக்கம் கலந்திருக்கிறது. ஓர் இலக்கம் தட்டுப்பிழையாகப் போய் வேறொருவரின் கடன் உங்கள் தலையில் ஏறலாம்.

எங்கள் பேர் விவகாரமும் இருக்கிறது. தகப்பன் பேர் முன்னுக்கு, சொந்தப் பேர் பின்னுக்கு. ஆங்கிலத்தில் ஓர் இடத்தில் ஓர் எழுத்துக் கூட, இன்னோர் இடத்தில் குறைய. ஊரில் ஒரே பேரில் நாலு பேர். பேர் ஒத்துப்போகிறது என்பதற்காக அந்தக் கடன் உங்களுடையது என்று ஒத்துக்கொள்ளாதீர்கள். அடையாள அட்டை இலக்கமும் விலாசமும் ஒத்துவரவேண்டும்.

பிறகு கடன்களுக்கு வாருங்கள். நடப்பிலுள்ளவை, கட்டி முடித்தவை, நிலுவை, வழக்கு, திரும்பிய காசோலை எல்லாம் தனித்தனியே இருக்கும். எந்த நிறுவனங்கள் உங்கள் அறிக்கையை எடுத்துப் பார்த்தன என்பதும் இருக்கும். இதைப் பலர் கவனிப்பதில்லை. நீங்கள் படியேறாத ஒரு கம்பனி உங்கள் அறிக்கையைப் பார்த்திருந்தால், உங்கள் அடையாள அட்டைக் கொப்பி எங்கேயோ உலாவுகிறது என்று அர்த்தம்.

கம்பனியின் பேர் தெரியாத பேராக இருந்தாலும் உடனே 'இது என் கடன் இல்லை' என்று சண்டைக்குப் போகவேண்டாம். நிதிக் கம்பனிகள் சில ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றன. பத்து வருடத்துக்கு முதல் ஒரு பேர்ப்பலகையின் கீழ் எடுத்த மோட்டார்சைக்கிள் லீசிங் இன்றைக்கு வேறு பேரில் நிற்கலாம். கடன் எடுத்த திகதியையும் தொகையையும் பாருங்கள், ஞாபகம் வரும்.

பிணை: இங்கேதான் நிறையப் பேர் விழுகிறார்கள்

என் அறிக்கையில் என் பேரில் கடன் எதுவுமே இல்லை. ஆனால் 'பிணையாளர்' என்ற தலைப்பின் கீழ் ஒரு வரி. மச்சான் ஓட்டோ எடுத்த லீசிங். நாலு தவணை நிலுவை, அதற்கு மேல் தண்ட வட்டி. கலியாண வீட்டில் பந்திக்குப் போகிற நேரத்தில், "அத்தான், இதில ஒரு சைன் மட்டும்" என்று நீட்டினான். சாம்பார் வாளி ஒரு பக்கம், பேனை ஒரு பக்கம். நானும் எழும்பி நின்றபடியே போட்டுக் கொடுத்தேன். வாசிக்கவில்லை.

'சும்மா ஒரு சாட்சிக் கையெழுத்து' என்று நாங்கள் நினைப்பது வேறு, அந்தப் பத்திரம் சொல்வது வேறு. கடன்காரர் கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன் என்றுதான் அதில் எழுதியிருக்கிறது. அந்தப் பொறுப்பு உங்கள் அறிக்கையில் ஏறும். அவர் ஒழுங்காகக் கட்டும் காலத்திலும் ஒரு பொறுப்பாக அங்கே தெரியும். வங்கி உங்களுக்கு எவ்வளவு கடன் தாங்கும் என்று கணக்குப் பார்க்கும்போது அதையும் பார்க்கும். கச்சேரியில், பாடசாலையில், ஆஸ்பத்திரியில் அரச உத்தியோகம் பார்ப்பவர்களைத் தேடித்தேடிப் பிணைக்குப் பிடிப்பது எங்கள் ஊர்ப் பழக்கம். ஓர் ஆசிரியர் மூன்று நான்கு பேருக்கு நின்றிருப்பார், ஒன்றும் அவருக்கு ஞாபகம் இருக்காது.

பிணையாக நின்ற கடன் நிலுவையில் இருந்தால் உங்களுக்கு இருப்பது இரண்டு வழி. எடுத்தவரைக் கட்டவைப்பது, முடியாவிட்டால் நீங்கள் கட்டிவிட்டு அவரிடம் வாங்குவது. நான் இரண்டாவதைச் செய்தேன். மனுசி ஒரு கிழமை கதைக்கவில்லை. கட்டும்போது லீசிங் அலுவலகத்துக்கு மச்சானையும் கூட்டிக்கொண்டு போய், ஆர் கட்டினது என்பதைப் பற்றுச்சீட்டிலேயே எழுதுவித்தேன். அது பிறகு உதவியது.

வாகனத்தை இழுத்துக்கொண்டு போனால் கடன் முடிந்தது என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கம்பனி அதை விற்ற காசு கடனுக்குப் போதாவிட்டால் மிச்சம் உங்கள் பேரில்தான் நிற்கும், பிணைகாரரின் பேரிலும். ஓட்டோ போய்விட்டது, கடன் போகவில்லை. எவ்வளவுக்கு விற்றார்கள், மிச்சம் என்ன என்ற கணக்கை எழுத்தில் கேளுங்கள்.

மூன்றாவது: பிழை என்றால் எழுத்தில் முறையிடுங்கள்

வரி பிழை என்று உறுதியானால் இரண்டு இடத்துக்கு எழுதவேண்டும். ஒன்று, அந்தத் தகவலைக் கொடுத்த நிறுவனம். மற்றது கிரிப். சொந்த அறிக்கையை எடுத்தவர் அதில் உள்ள தகவலை மறுத்து முறையிட வழி வைத்திருக்கிறார்கள். அவர்கள் அதை நிறுவனத்துக்கு அனுப்பிச் சரிபார்க்கச் சொல்வார்கள். நிறுவனம் திருத்தி அனுப்பினால்தான் அறிக்கை திருந்தும். ஆகவே நெருக்கவேண்டியது நிறுவனத்தைத்தான்.

கடிதத்தில் கதை வேண்டாம். ஊரடங்கில் பட்ட கஷ்டம், பிள்ளையின் சோதனை எல்லாவற்றையும் எழுதி மூன்று பக்கம் நிரப்புவார்கள். உத்தியோகத்தர் முதல் பந்தியோடு வைத்துவிடுவார். என் அனுபவத்தில் இவ்வளவு போதும்:

"இத்தனையாம் திகதி பெற்ற எனது கிரிப் அறிக்கையில், உங்கள் நிறுவனத்தின் இன்ன இலக்கக் கடன் நிலுவையில் உள்ளதாகக் காட்டப்பட்டுள்ளது. இக்கடனை இன்ன திகதியில் முழுமையாகச் செலுத்தி முடித்துள்ளேன். பற்றுச்சீட்டின் பிரதி இணைக்கப்பட்டுள்ளது. தகவலைத் திருத்திப் பணியகத்துக்கு அறிவித்து, அறிவித்ததை எனக்கு எழுத்தில் உறுதிப்படுத்தவும்."

கொண்டுபோய்க் கொடுத்தால் உங்கள் பிரதியில் பெற்றுக்கொண்டதாகச் சீலும் திகதியும் வாங்குங்கள். அனுப்பினால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். "கிளை மனேச்சரிட்ட சொல்லிப்போட்டன், அவர் பார்க்கிறன் எண்டவர்" என்பது முறைப்பாடு ஆகாது. மனேச்சர் அடுத்த வருடம் மாத்தறைக்கு மாறிப்போவார்.

பதில் இல்லை, அல்லது ஏறுமாறான பதில் என்றால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் உறவுகள் திணைக்களம் இருக்கிறது. 1935 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். முதலில் நிறுவனத்திடம் முறையிட்டீர்களா என்று கேட்பார்கள். சீல் அடித்த அந்தப் பிரதி அப்போதுதான் வேலைக்கு வரும். நிதி ஒம்புட்ஸ்மன் என்று இன்னோர் இடமும் உண்டு. வங்கிக்கும் வாடிக்கையாளருக்கும் இடையிலான பிணக்குகளை விசாரிப்பவர்.

நான்காவது: கடன் உண்மை என்றால்

இங்கே மந்திரம் இல்லை, கட்டவேண்டும். ஆனால் கட்டுகிற விதத்தில் விசயம் இருக்கிறது.

முதலில் நிலுவைக் கணக்கை விபரமாகக் கேளுங்கள்: முதல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, தண்ட வட்டி எவ்வளவு, வழக்குச் செலவு, ஆள் அனுப்பிய செலவு என்று. பழைய நிலுவை என்றால் தண்ட வட்டியில் பேசலாம். ஒரே தடவையில் கட்டினால் குறைத்துத் தருவதற்குப் பல கம்பனிகள் உடன்படும். வருட முடிவும் நிதியாண்டு முடியும் மார்ச்சும் பேசுவதற்கு நல்ல காலம் என்பது என் கணிப்பு. அறவீட்டுப் பிரிவினருக்கும் ஓர் இலக்குக் கொடுத்திருப்பார்கள்தானே. குறைத்த தொகையை எழுத்தில் வாங்கிய பிறகுதான் காசைக் கட்டுங்கள். வீட்டுக்கு வருகிற அறவீட்டு ஆளின் கையில் கொடுக்காதீர்கள். கிளைக் கவுண்டரில், அல்லது கடன் கணக்குக்கே வைப்பிலிடுங்கள். வெளிநாட்டில் இருந்து சகோதரங்கள் உதவி செய்வதென்றாலும் அப்படியே: இடையாளின் கணக்குக்குப் போன காசு கடனுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று கனடாவில் இருந்து பார்க்க முடியாது.

முழுவதையும் கட்ட முடியாதவர்கள் தலைமறைவாகிவிடுவார்கள். சிம்மை மாற்றுவார்கள். அதைவிடக் கேடு இல்லை. கிளைக்குப் போய் மாதம் இவ்வளவுதான் முடியும் என்று வருமானத்தைக் காட்டி மறுசீரமைப்புக் கேளுங்கள். அறிக்கையில் அது தெரியும்தான், ஆனால் மாதாமாதம் ஏறும் நிலுவையை விட நல்லது.

நுண்கடன் எடுத்த பெண்கள் கவனிக்கவேண்டியது ஒன்று. 2018இல் அரசாங்கம் வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட, தவணை தவறிய நுண்கடன்களுக்கு நிவாரணம் அறிவித்தது. 'அரசாங்கம் எல்லாத்தையும் தள்ளிப்போட்டுது' என்று அன்றோடு விட்டவர்கள் இருக்கிறார்கள். உங்கள் கடனும் அதற்குள் வந்ததா என்பதை அறிக்கையைப் பார்த்துத்தான் உறுதி செய்யலாம்.

கட்டி முடித்ததும் 'இந்தக் கடனில் நிலுவை எதுவும் இல்லை' என்று தெளிவாக எழுதிய கடிதம் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். பற்றுச்சீட்டு மட்டும் போதாது. பிறகு இரண்டு மாதம் விட்டு அறிக்கையைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். தகவல் மாதாந்தம் போவதால் கட்டிய மறுநாளே மாறாது. கட்டி முடித்த கடனும் உடனே மறைந்துவிடாது. தவறிய தவணைகளின் தடம் சில காலம் கிடக்கும். அதனால் வங்கியில் பேசும்போது மறைக்கவேண்டாம். பழைய நிலுவை இருந்தது, இன்ன மாதம் தீர்த்தேன், இதோ கடிதம் என்று முதலிலேயே மேசையில் வையுங்கள்.

காசு வாங்கும் ஆட்களை எப்படி எடைபோடுவது

நேர்மையான உதவியும் இருக்கிறது. ஆங்கிலக் கடிதம் எழுதித் தருகிறவர், வழக்கு வந்துவிட்டால் சட்டத்தரணி. அவர்கள் செய்யும் வேலைக்குக் காசு கொடுப்பது நியாயம். ஆனால் கீழே சொல்கிறவற்றில் ஒன்றைக் கேட்டாலும் எழும்பி வந்துவிடுங்கள்: 'உள்ளுக்க ஆள் இருக்கு' என்ற பேச்சு, வெள்ளைத் தாளில் கையெழுத்து, தொலைபேசிக்கு வரும் இலக்கத்தைச் சொல்லச் சொல்வது, 'வேறு அடையாள அட்டை இலக்கத்தில் லோன் எடுத்துத் தாறன்' என்பது. கடைசியாகச் சொன்னது மோசடி. பிடிபட்டால் வழக்கு உங்கள் பேரில்தான் வரும். பழைய கடனை அடைக்க இன்னோர் இடத்தில் கூடிய வட்டிக்குக் கடன் எடுத்துத் தருகிறவர்களும் இதே பேரில் திரிகிறார்கள். உங்கள் நிலுவை அறிக்கையில் இருந்து போகும், அதைவிடப் பெரியது ஒன்று வந்து குந்தும்.

பிள்ளைகள், சகோதரங்கள் கனடாவில், அமெரிக்காவில் இருக்கிறவர்கள் அங்கே கடன் அறிக்கையைத் திருத்தித் தருவதாகச் சொல்லும் 'கிரெடிட் ரிப்பேர்' கம்பனிகளைப் பற்றிக் கேட்கிறார்கள். அங்கே அது விளம்பரம் போட்டு நடக்கும் தொழில், ஆனால் கடிவாளமும் போட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டின் சட்டப்படி வேலையை முடிக்காமல் அவர்கள் காசு வாங்கக்கூடாது. ஒப்பந்தம் எழுதி மூன்று வேலை நாளுக்குள் விலகலாம். கனடாவில் எங்கள் சனம் நிறைந்திருக்கும் ஒன்ராறியோவிலும் அறிக்கையில் உண்மையான முன்னேற்றம் வரும் முன் காசு வாங்கத் தடை இருக்கிறது. முற்பணம் கேட்கிற கம்பனி அங்கேயே சட்டத்தை மீறுகிறது. அங்கத்தைய கிரிப் மாதிரியான இக்விபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் இரண்டிலும் தங்கள் அறிக்கையை இலவசமாக எடுத்து, பிழையை இலவசமாக மறுக்கலாம். சரியான தகவலை அழிக்க அங்கேயும் ஆளில்லை. மருமகன் ஒருவன் ஸ்காபரோவில் இருந்து இதைக் கேட்டபோது, "மாமா, அங்கயும் இதேதானோ" என்று சிரித்தான்.

என் விசயத்தில், அறிக்கையை எடுத்த நாளில் இருந்து திருந்திய அறிக்கையைப் பார்த்த நாள்வரை கிட்டத்தட்ட நான்கு மாதம் போனது. அதில் அரைவாசி, லீசிங் அலுவலகத்தில் கடிதத்தை ஒரு மேசையில் இருந்து மறுமேசைக்கு நகர்த்துவித்த காலம். கடன் தொகையைத் தவிரச் செலவு, அறிக்கை இரண்டு தரம் எடுத்ததும் பதிவுத் தபாலும் பஸ் காசும். வங்கி உடனே தூக்கித் தரவில்லை. கேட்டதில் முக்கால்வாசிதான் கிடைத்தது. கூரை வேலைக்கு அது காணும்.

போன தை மாதம் மச்சான் வந்தான். ஓட்டோவை விற்றுவிட்டு ஒரு சின்ன லொறி எடுக்கப்போகிறானாம். "அத்தான், இந்த முறை ஒழுங்காக் கட்டுவன், ஒரு சைன்..." தேத்தண்ணியை வைத்துவிட்டு, அவனுடைய கிரிப் அறிக்கையை எடுத்துக்கொண்டு வரச் சொன்னேன். இன்னும் வரவில்லை.